மினிடிவி, வீடியோ8 கேசட்டுகளை வீட்டுக் கணினியில் இறக்குவது எப்படி?

கேள்வி இதுதான்: வீட்டுப் பரணில் 2002-க்கும் 2008-க்கும் இடையில் எடுத்த இருபத்தைந்து மினிடிவி கேசட்டுகளும், அதற்கு முன் பெரியப்பா எடுத்த ஆறு வீடியோ8 கேசட்டுகளும் இருக்கின்றன, மினிடிவி எடுத்த சோனி ஹேண்டிகேம் இன்னும் ஓடுகிறது, ஆனால் அதன் யூஎஸ்பி கேபிளைப் புது லேப்டாப்பில் செருகினால் எதுவும் தெரிவதில்லை, கடையில் கேட்டால் கேசட்டுக்கு ஒரு டிவிடி என்று போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள், இதை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா, முடியுமானால் எது நல்ல வழி?

முடியும், கடையில் டிவிடியாகப் போட்டுத் தருவதைவிடத் தரமாகவே முடியும். என் வீட்டுக் கேசட்டுகளையும் உறவினர் இருவர் வீட்டுக் கேசட்டுகளையும் இப்படி இறக்கி முடித்தவன் என்பதால், இந்த வேலையில் எங்கே நேரம் வீணாகும், எங்கே பணம் வீணாகும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். முதலில் உங்கள் கேசட்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. மினிடிவியில் வீடியோ எண்களாகவே பதிந்திருக்கிறது. அதைக் கணினிக்குக் கொண்டுவருவது பென்டிரைவிலிருந்து ஒரு கோப்பை நகலெடுப்பதற்கு நிகரான வேலை. வீடியோ8-இல் இருப்பது அனலாக் அலை. அதை எண்களாக மாற்றித்தான் கணினியில் வைக்க முடியும், அந்த மாற்றத்தில் காட்டும் கவனத்தைப் பொறுத்தே மிஞ்சும் தரம் அமையும். (கேசட்டின் பெயரில் வரும் டிவி என்பது டிஜிட்டல் வீடியோ, தொலைக்காட்சியைக் குறிக்கும் இடங்களில் தொலைக்காட்சி என்றே எழுதுகிறேன்.)

மினிடிவியிலிருந்து தொடங்குகிறேன். 1995-இல் வந்த இந்த வகைக் கேசட்டில் 6.35 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடா இருக்கிறது. நம் ஊரில் விற்ற ஹேண்டிகேம்கள் பால் என்ற தொலைக்காட்சி முறையில் பதிவு செய்தவை. அதாவது விநாடிக்கு 25 ஃபிரேம்கள், ஒவ்வொன்றும் 720-க்கு 576 புள்ளிகள். ஒவ்வொரு ஃபிரேமையும் கேமரா அப்போதே தனித்தனியாகச் சுருக்கி, ஒலியையும் தேதியையும் சேர்த்து, சரியாக 1,44,000 பைட்டுகளாக நாடாவில் எழுதிவிட்டது. விநாடிக்கு 3.6 மெகாபைட், மணிக்கு ஏறக்குறைய 13 ஜிகாபைட் என்பது இதிலிருந்து வரும் கணக்கு. நாம் செய்ய வேண்டியதெல்லாம் இந்தப் பைட்டுகளை அப்படியே எடுத்து ஹார்ட் டிஸ்கில் வைப்பதுதான். படத்தைத் திரும்பச் சுருக்குவதோ மாற்றுவதோ இந்தக் கட்டத்தில் கிடையாது. சரியாக இறக்கினால் கேசட்டில் உள்ளதற்கும் கணினியில் உள்ளதற்கும் ஒரு பைட் வித்தியாசம்கூட இருக்காது.

யூஎஸ்பி கேபிள் ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்விக்கும் இந்த எண்களிலேயே விடை இருக்கிறது. விநாடிக்கு 3.6 மெகாபைட் என்றால் ஏறத்தாழ 29 மெகாபிட். அந்தக் காலத்துக் கேமராக்கள் பலவற்றில் இருந்த பழைய யூஎஸ்பியின் உச்ச வேகமே 12 மெகாபிட்தான் என்பதால், நாடாவில் உள்ள வீடியோ அதன் வழியே போகவே வழியில்லை. அந்தத் துளை மெமரி ஸ்டிக்கில் எடுத்த புகைப்படங்களை இறக்குவதற்கும், மெனுவில் யூஎஸ்பி ஸ்ட்ரீமிங் என்று இருக்கும், சிறிய, மங்கலான படத்தை அனுப்புவதற்கும் வைத்தது. வேகமான யூஎஸ்பி வந்த பிறகும் நாடாவின் முழு வீடியோவையும் அதன் வழியே தரும் மினிடிவி கேமராக்கள் ஒரு சிலதான் வந்தன. ஆகவே டிரைவர் தேடி இணையத்தில் அலைவதை இத்துடன் நிறுத்திவிடலாம்; டிரைவர் கிடைத்தாலும் வருவது அந்த மங்கலான படமாகத்தான் இருக்கும்.

நாடாவில் உள்ளதை வெளியே எடுக்கும் வாசல் உங்கள் கேமராவில் வேறோர் இடத்தில் இருக்கிறது. பக்கவாட்டிலோ பின்னாலோ ஒரு சிறு மூடியைத் திறந்தால் டிவி என்றோ ஐலிங்க் என்றோ எழுதிய, நான்கு முனைகள் கொண்ட சின்னத் துளை தெரியும். ஆப்பிள் இதை ஃபயர்வயர் என்றது, சோனி ஐலிங்க் என்றது, தர நிர்ணயத்தில் இதன் பெயர் ஐஇஇஇ 1394, மூன்றும் ஒன்றே. விநாடிக்கு 400 மெகாபிட் கொண்டுபோகும் இந்த இணைப்பில் வீடியோ மட்டுமன்றி கேமராவை ஓட்டும் கட்டளைகளும் போகும் என்பதால், கணினியில் இருந்தபடியே கேசட்டை ஓட்டவும் நிறுத்தவும் ரீவைண்ட் செய்யவும் முடியும்.

சிக்கல் கணினியின் பக்கத்தில்தான். இன்றைய லேப்டாப்புகளில் ஃபயர்வயர் துளை கிடையாது. இணையக் கடைகளில் ஒரு முனையில் நான்கு முனை ஃபயர்வயரும் மறுமுனையில் யூஎஸ்பியும் உள்ள கேபிளைச் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள்; அதை வாங்கவே வாங்காதீர்கள். ஃபயர்வயரும் யூஎஸ்பியும் பேசும் முறையே வேறு. வெறும் கம்பியால் ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியாது. நான் வாங்கி ஏமாந்த முதல் பொருள் அதுதான், இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன, அவற்றுள் எனக்குப் பிடித்தது பணமே செலவாகாத வழி. 2005 முதல் 2011 வரை விற்ற லேப்டாப்புகள் பலவற்றில் நான்கு முனை ஃபயர்வயர் துளை இருந்தது. உறவினர், நண்பர், அலுவலக நண்பர் யாரிடமாவது அப்படி ஒரு பழைய லேப்டாப் தூசி படிந்து கிடக்கும். விண்டோஸ் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ ஓடினால் அதைவிடப் பொருத்தமான கருவி இந்த வேலைக்கு இல்லை. டிவி வீடியோவை இறக்குவதற்குப் பெரிய வேகம் தேவையில்லை, விநாடிக்கு 3.6 மெகாபைட்டை எழுதும் ஹார்ட் டிஸ்க் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எல்லா வீட்டிலும் இருந்தது. அதில் இணையத்தை இணைக்காமல் கேசட்டை மட்டும் இறக்கி, வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது வழி, வீட்டில் மேசைக் கணினி இருந்தால் அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் பொருத்துவது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டுகள் தொந்தரவு குறைந்தவை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கார்டைப் பொருத்தியவுடன் கணினி அதை அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் கேமரா தெரியாமல் போவதோ பாதியில் அறுந்துபோவதோ உண்டு. விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்ட் பழைய 1394 டிரைவரை உடன் வைக்காமல் தனியாகப் பதிவிறக்கம் செய்துகொள்ளும்படி விட்டதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அந்த லெகசி டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் கார்டுக்கு அதைத் தேர்ந்தெடுத்தால் பல இடங்களில் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

மூன்றாவது வழி மேக். பழைய மேக்கில் ஃபயர்வயர் துளையே இருக்கும். சற்றுப் புதியதானால் தண்டர்போல்ட் 3-இலிருந்து தண்டர்போல்ட் 2-க்கு ஓர் அடாப்டர், அதிலிருந்து ஃபயர்வயர் 800-க்கு இன்னோர் அடாப்டர், அதன் பிறகு ஒன்பது முனையிலிருந்து நான்கு முனைக்குப் போகும் கேபிள் என்று ஒரு சங்கிலியே கோக்க வேண்டியிருக்கும். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் வேலை செய்யும். ஆனால் 2025-இல் வந்த மேக் ஓஎஸ் 26 டஹோவில் ஆப்பிள் ஃபயர்வயர் ஆதரவை எடுத்துவிட்டது. ஆகவே அதற்கு முந்தைய பதிப்பு ஓடும் மேக்கிலேயே இதைச் செய்ய வேண்டும். அடாப்டர்களுக்கு இப்போது கேட்கும் விலையில் ஒரு பழைய லேப்டாப்பே வாங்கிவிடலாம் என்பதால், மேக் ஏற்கெனவே கையில் உள்ளவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

கேபிளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கணினிப் பக்கத்தில் உள்ள ஆறு முனைத் துளையில் மின்சாரமும் வருகிறது. அந்த முனையைத் தலைகீழாக அழுத்திச் செருகினால் கேமராவின் டிவி துளை ஒரே நொடியில் செத்துப்போகக்கூடும். கேமரா மற்றபடி ஓடும், ஆனால் கணினிக்கு எதுவும் வராது. கேமரா, கணினி இரண்டையும் அணைத்துவிட்டு, கேபிளின் வடிவத்தைப் பார்த்து, மெதுவாகச் செருகி, அதன் பிறகு இரண்டையும் இயக்குங்கள். அணைக்காமலே செருகலாம் என்று கையேட்டில் எழுதியிருந்தாலும், மாற்றுக் கேமரா கிடைக்காத காலத்தில் அந்தத் துணிச்சல் தேவையில்லை.

இனி கேசட். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்ன விசை இருக்கும். அதை ரெக் என்ற பக்கத்திலிருந்து சேவ் என்ற பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். தப்பித் தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய காட்சி அழியாது. பிறகு கேசட்டின் சிறு கண்ணாடி வழியே நாடாச் சுருளின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ மாவு தூவியது போல் இருந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பரணில் வைத்த கேசட்டுகளில் இது சாதாரணம். பூஞ்சை பிடித்த கேசட்டைக் கேமராவில் போடவே கூடாது. அது நாடாவைப் படிக்கும் பாகமான ஹெட்டை அடைப்பதோடு அடுத்தடுத்துப் போடும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். அவற்றைத் தனியே ஒரு டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிட்டு, நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் பின்னர் கொடுக்கலாம்.

நல்ல கேசட்டுகளை ஒருமுறை கடைசி வரை ஃபார்வர்டு செய்து, பின் முழுவதும் ரீவைண்ட் செய்யுங்கள். பல ஆண்டுகளாக ஒரே இறுக்கத்தில் கிடந்த நாடா இதனால் சீராகச் சுற்றிக்கொள்ளும். கேமராவை பேட்டரியில் ஓட்டாமல் அடாப்டரில் ஓட்டுங்கள். நடுவில் மின்சாரம் நின்றால் நாடா உருளையில் சுற்றியபடியே மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த கேமராவைப் புழுக்கமான அறையில் உடனே இயக்காதீர்கள். சோனி ஹேண்டிகேம்களில் சி:21 என்று தொடங்கும் குறி வந்தால் உள்ளே ஈரம் படிந்திருக்கிறது என்று பொருள்; கேசட்டை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரமாவது விட வேண்டும். சி:22 என்றால் ஹெட் அழுக்கு. அதற்கென விற்ற சுத்தம் செய்யும் கேசட்டைப் பத்து விநாடி மட்டும் ஓட்டினால் போதும், நீண்ட நேரம் ஓட்டினால் அதுவே ஹெட்டைத் தேய்த்துவிடும். சி:31, சி:32 வந்தால் கேசட்டையும் மின் இணைப்பையும் எடுத்துவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள்; திரும்பத் திரும்ப வந்தால் அது இயந்திரக் கோளாறு, வலுக்கட்டாயமாக ஓட்டினால் நாடா கசங்கும்.

இறக்குவதற்கான மென்பொருள் எளியது. விண்டோஸில் வின்டிவி என்ற இலவச மென்பொருள் சில நூறு கிலோபைட் அளவுதான் இருக்கும். மிகப் பழையது, ஆனால் இந்த ஒரு வேலையைச் செம்மையாகச் செய்கிறது. லினக்ஸில் டிவிகிராப், மேக்கில் ஐமூவி. கேமராவை பிளே அல்லது விசிஆர் நிலைக்குத் திருப்பி இயக்கினால் வின்டிவியின் சாளரத்தில் படம் தெரியும். அதில் வகை 2 என்ற ஏவிஐ கோப்பு முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒலி தனி இழையாகவும் இருப்பதால் மற்ற மென்பொருள்கள் தடையின்றித் திறக்கும். கோப்பின் பெயரில் பதிவு செய்த தேதியும் நேரமும் வரும்படி அமைத்துவிடுங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக இருந்த வரையில், எந்த நாள் எந்த மணிக்கு எடுத்தது என்பது ஒவ்வொரு ஃபிரேமோடும் நாடாவில் பதிந்திருக்கிறது; கேமராவை நிறுத்தி மீண்டும் இயக்கிய இடங்களில் மென்பொருள் தானாகவே புதுக் கோப்பைத் தொடங்கிவிடும். ஒரு மணி நேரக் கேசட் இப்படி முப்பது நாற்பது துண்டுகளாக, ஒவ்வொன்றும் தேதியோடு, இறங்கி வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போதுதான் ஃபயர்வயரைத் தேடி அலைந்ததற்குப் பலன் கிடைத்ததாகத் தோன்றும். டிவிடியில் போட்டுக் கொடுத்திருந்தால் அந்தத் தேதிகள் அத்தனையும் போயிருக்கும்.

நாடா தன் வேகத்தில்தான் ஓடும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம். இருபத்தைந்து கேசட்டுகளுக்கு 25 மணி நேரமும் 325 ஜிகாபைட் இடமும் வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்க் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இறக்கும் நேரத்தில் கணினியில் வேறு எதையும் ஓட்டாதீர்கள். கணினி ஒரு கணம் திணறினால் கேமரா காத்திருக்காது, அந்த ஃபிரேம்கள் விடுபட்டுப்போகும். விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கையை வின்டிவி கீழே காட்டிக்கொண்டே இருக்கும். அது பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்ப்பதே உங்கள் வேலை. என் முதல் கேசட் இறங்கிக்கொண்டிருந்தபோது வைரஸ் தடுப்பு மென்பொருள் தன் வாராந்தரச் சோதனையைத் தொடங்கிவிட்டது. அந்தக் கேசட்டை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று.

சில இடங்களில் படம் சிறு சிறு சதுரங்களாகச் சிதறும். அது கணினியின் தவறு அன்று. நாடாவில் எழுதும்போதே பிழை திருத்தத்துக்கான கூடுதல் எண்களும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். சிறு சேதத்தை அவற்றால் கேமரா முழுமையாகச் சரிசெய்துவிடும். சேதம் அந்த எல்லையைத் தாண்டும்போது, படிக்க முடியாத கட்டத்தில் முந்தைய ஃபிரேமின் கட்டத்தை வைத்து மறைக்கும். நாம் பார்ப்பது அந்த ஒட்டு. நாடாவில் தூசி இருந்ததாலோ ஹெட் சற்று அழுக்காக இருந்ததாலோ வந்த ஒட்டு என்றால், இரண்டாம் முறை ஓட்டும்போது அதே இடம் சுத்தமாக வருவது உண்டு. மீடியாஏரியா வெளியிட்ட டிவிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி, ஒரே கேசட்டை இரண்டு மூன்று முறை இறக்கிய கோப்புகளை ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் நல்ல கட்டங்களைப் பொறுக்கி ஒரே கோப்பாகச் சேர்க்கிறது. கல்யாணம், காதுகுத்து போல் மீண்டும் கிடைக்காத காட்சிகளுக்கு அந்தப் பாடுபடலாம். பூங்காவில் வாத்து நீந்துவதற்கு வேண்டாம்.

சதுரங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இல்லாமல் கேசட் முழுதும் விடாமல் வந்தால், அது எல்பி முறையில் எடுத்ததா என்று பாருங்கள். 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் எடுப்பதற்காக நாடாவின் வேகத்தைக் குறைக்கும் முறை அது. நாடாவில் வீடியோ எழுதும் கோடுகள் வழக்கமான 10 மைக்ரான் அகலத்திலிருந்து 6.7 மைக்ரானுக்குக் குறைந்துவிடுகின்றன. இவ்வளவு மெல்லிய கோட்டை, எழுதிய அதே கேமராவால்தான் பெரும்பாலும் ஒழுங்காகத் தொடர முடியும். எடுத்த அதே கேமரா உங்களிடம் இன்னும் ஓடுவது இந்த வகையில் பெரிய அதிர்ஷ்டம். எல்பியில் எடுத்த கேசட்டுகள் இருந்தால் அவற்றை முதலில் இறக்கிவிடுங்கள், கேமரா போய்விட்டால் வேறு கேமராவில் அவை வருமா என்பது உறுதியில்லை.

அடுத்தது அந்த ஆறு வீடியோ8 கேசட்டுகள். இங்கேதான் உண்மையான கஷ்டம். 1985-இல் வந்த இந்த முறையில் படத்தின் நுணுக்கம் கிடைமட்டமாக 240 கோடுகள் அளவுதான். பின்னர் வந்த ஹை8-இல் 400. இவற்றை மினிடிவி கேமராவில் போட முடியாது, அளவே வேறு. விஎச்எஸ்-சி என்ற சிறிய கேசட்டை விஎச்எஸ் டெக்கில் போட ஓர் உறை கிடைத்தது போல வீடியோ8-க்கு எந்த உறையும் கிடையாது. நாடாவின் அகலமே 8 மில்லிமீட்டர் என்பதால் அப்படி ஒன்று இருக்கவும் முடியாது. யாராவது விற்றால் அது ஏமாற்று. ஓடும் நிலையில் உள்ள ஒரு 8 மில்லிமீட்டர் கேமராவைத் தேடித்தான் ஆக வேண்டும்.

தேடும்போது முதலில் கேட்க வேண்டியது டிஜிட்டல்8 கேமரா. 1999-இல் சோனி கொண்டுவந்த இந்த வகை, 8 மில்லிமீட்டர் கேசட்டிலேயே மினிடிவிக்கு நிகரான டிஜிட்டல் வீடியோவைப் பதிவு செய்தது. அவற்றுள் பல மாடல்கள் பழைய வீடியோ8, ஹை8 கேசட்டுகளையும் ஓட்டி, அந்த அனலாக் படத்தைத் தாமே டிவியாக மாற்றி ஃபயர்வயர் வழியே அனுப்பும். எல்லா மாடல்களும் இதைச் செய்யா; வாங்கும் முன் அனலாக் கேசட் ஓடுமா என்று கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள், முடிந்தால் உங்கள் கேசட் ஒன்றையே எடுத்துப்போய்ப் போட்டுப் பாருங்கள். மெனுவில் டிபிசி என்ற அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள்: பழைய நாடாவில் கோடுகள் நெளிவதை அது நேராக்கும். அப்படி ஒரு கேமரா கிடைத்துவிட்டால் வீடியோ8 வேலையும் மினிடிவி வேலையைப் போலவே முடிந்துவிடும்.

சாதாரண வீடியோ8 கேமராவே கிடைக்கிறது என்றால், அதன் மஞ்சள், வெள்ளை கம்பிகள் வழியே படத்தையும் ஒலியையும் வெளியே எடுக்க வேண்டும். இங்கே உங்கள் மினிடிவி கேமராவுக்கே இன்னொரு வேலை இருக்கலாம். சில கேமராக்களின் மெனுவில், ஏவி துளையில் வரும் படத்தை உடனுக்குடன் டிவியாக மாற்றி ஃபயர்வயரில் அனுப்பும் அமைப்பு உண்டு; ஏ/வி-யிலிருந்து டிவி அவுட் என்ற பொருளில் எழுதியிருக்கும். இருந்தால், பழைய கேமராவை மினிடிவி கேமராவோடும் அதைக் கணினியோடும் இணைத்தால் போதும். ஐரோப்பாவில் விற்ற மாடல்கள் பலவற்றில், வெளியிலிருந்து பதிவு செய்யக்கூடிய கேமராவுக்குச் சுங்க வரி கூடுதல் என்பதால், இந்த உள்வழியை மூடியே விற்றார்கள். உறவினர் லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வாங்கிவந்த கேமராவானால் இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அதுவும் இல்லையென்றால், அனலாக் படத்தை எண்களாக மாற்றித் தரும் யூஎஸ்பி கேப்சர் கருவி. சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாக் குச்சிகளில் ஒரே உறைக்குள் வேறு வேறு சிப்புகள் வருகின்றன. ஒன்று நன்றாக இருக்கும், அடுத்தது ஒலியே தராது. திருப்பித் தரும் வசதியுள்ள கடையில் வாங்குங்கள். அமைப்பில் பால், 720-க்கு 576 என்று வையுங்கள். 640-க்கு 480 என்று வைத்தால் கோடுகள் நசுங்கி, அசையும் காட்சியெல்லாம் கெடும். அமெரிக்காவிலோ கனடாவிலோ எடுத்த கேசட்டானால் மட்டும் அங்குள்ள தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி, 720-க்கு 480. வர்ச்சுவல்டப் மென்பொருளில் ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பில்லாத முறையில் இறக்கினால் கோப்பு பெரிதாகும், ஆனால் ஆறு கேசட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. கேமராவில் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் கம்பியைவிட அதுவே நல்லது. ஹை8 கேசட்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கேசட்டின் கடைசியில் உதட்டசைவும் குரலும் பொருந்துகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். இந்தக் கருவிகளில் ஒலி மெல்ல மெல்ல நகர்ந்து, ஒரு மணி நேர முடிவில் கால் விநாடி விலகுவது சாதாரணம்.

கடையின் டிவிடி வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் கணக்குதான். 4.7 ஜிகாபைட் டிவிடியில் இரண்டு மணி நேரம் போட்டால் விநாடிக்கு 5 மெகாபிட்தான் கிடைக்கும். கேசட்டில் ஒலி நீங்கலாகப் படத்துக்கு மட்டுமே 25. உறவினர் ஒருவர் கொடுத்த கடையில் மூன்று கேசட்டுகளை ஒரே தட்டில் போட்டுத் தந்திருந்தார்கள். பட்டுப்புடவையின் சரிகை முழுதும் ஒரே மஞ்சள் பூச்சாகிவிட்டது. கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால், ஃபயர்வயர் வழியே இறக்கிய டிவி ஏவிஐ கோப்புகளை உங்கள் ஹார்ட் டிஸ்கில் போட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்பவரிடம் கொடுக்கலாம். என்ன கேட்கிறீர்கள் என்று திரும்பக் கேட்பவரிடம் வேண்டாம்.

இறக்கிய டிவி கோப்புகளைத் தொடாமல் அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்குகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். குடும்பத்தாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் தொலைக்காட்சியில் பார்க்கவும் தனியாக எம்பி4 நகல் எடுத்துக்கொள்ளலாம், ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும். எச்.264, தரம் 18 முதல் 20 வரை. பழைய வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு வெவ்வேறு கணங்களின் பாதிகளால் ஆனது. அதை அப்படியே மாற்றினால் அசையும் கையின் ஓரம் சீப்புப் பல்லைப் போல் தெரியும். டீஇன்டர்லேஸ் அமைப்பில் பாப் என்பதைத் தேர்ந்தெடுத்து, விநாடிக்கு 50 ஃபிரேம்களாக எடுத்தால் அந்தக் காலத்துத் தொலைக்காட்சியில் பார்த்த அதே வழுக்கும் அசைவு திரும்பக் கிடைக்கும். டிவியில் கீழ்ப்பாதி எனப்படும் இரட்டை வரிகள் முதலில் வரும்; வரிசை மாறிவிட்டால் படம் முன்னும் பின்னும் உதறும், அப்படி உதறினால் மாற்ற வேண்டிய இடம் அதுதான். விகிதம் 4:3 என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் சற்றுப் பருத்தோ மெலிந்தோ தெரிவார்கள்.

2006-க்குப் பிறகு வந்த, நாடா இல்லாத கேமராக்கள் வீட்டில் இருந்தால் அவற்றின் யூஎஸ்பியே போதும். ஏவிசிஎச்டி என்ற முறையில் பதிவு செய்யும் கேமராவானால் எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்காமல் முழுக் கோப்புறையையும் நகலெடுங்கள். நீளமான காட்சியைக் கேமரா பல துண்டாக வெட்டி வைத்திருக்கும், அவற்றைச் சேர்க்கும் குறிப்புகள் மற்ற கோப்புறைகளில் இருக்கின்றன. சிறிய 8 சென்டிமீட்டர் தட்டில் எடுத்தவற்றை, எடுத்த கேமராவிலேயே ஃபைனலைஸ் செய்த பிறகுதான் கணினி படிக்கும்.

கேசட்டுகளை இறக்கியவுடன் தூக்கிப்போட வேண்டாம், கேமராவையும் விற்க வேண்டாம். இறக்கிய கோப்புகளை ஒவ்வொன்றாகக் கடைசி வரை ஓட்டிப் பார்த்த பிறகே அந்தப் பேச்சு. வேலையைத் தொடங்குவதற்கு அதிகம் முக்கியமில்லாத மினிடிவி கேசட் ஒன்றை எடுத்து, முதல் பத்து நிமிடத்தை இறக்கி, விஎல்சியில் ஓட்டிப் படம், ஒலி, தேதி மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடுகிற கேமரா கையில் இருக்கும் மினிடிவி ஒரு மாதம் காத்திருக்கும். ஓட்டுவதற்கே கேமரா இல்லாத அந்த ஆறு கேசட்டுகளுக்காக டிஜிட்டல்8 கேமராவை இந்த வாரமே விசாரிக்கத் தொடங்குங்கள். பெரியப்பாவின் பழைய கேமரா யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பதிலிருந்தே அந்த விசாரணையைத் தொடங்கலாம்.